தெகல்தொருவச் சுவரும் கண்டி வீட்டுச் சுவரும்

தெகல்தொருவ விகாரையின் உட்சுவரில் வெஸ்ஸந்தர இளவரசன் தன் வெள்ளை யானையைத் தானம் கொடுக்கிறான். செக்கச் சிவந்த பின்னணியில் யானையும் பிராமணர்களும் மரங்களும் ஒரே நீள வரிசையாக ஓடுகின்றன. விகாரைக்கு வருகிறவர்கள் அந்தக் கதையைப் பார்த்தபடியே நகர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சிவப்பு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. வீட்டுச் சுவருக்கு அலங்காரப் பூச்சு பூச நினைக்கும் எவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

கண்டி நகரிலிருந்து லேவெல்ல பாலத்தில் மகாவலியைக் கடந்தால் இந்த விகாரை தொலைவில்லை. பாறையைக் குடைந்து அமைத்தது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1771இல் தொடங்கிய வேலை, அவருடைய தம்பி ராஜாதி ராஜசிங்கன் ஆட்சியில் 1786இல் நிறைவேறியது. இருவருமே தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தவர்கள். ஓவியர்களில் முதன்மையானவராகச் சொல்லப்படுபவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே.

இந்த மரபின் தொழில்நுட்பத்தை விரிவாக எழுதிவைத்தவர் ஒரு தமிழரின் மகன். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கிய காலத்தில் கண்டி நாட்டுக் கைவினைஞர்களிடம் கேட்டறிந்தவற்றை 1908இல் ஆங்கிலத்தில் பெரிய நூலாக வெளியிட்டார். அவர் கல்லையும் மண்ணையும் அறிந்தவர் என்பதால், ஓவியத்தின் அழகோடு அதன் அடிப்பூச்சையும் கவனித்தார். சிங்கள ஓவியர்கள் அதற்குப் பயன்படுத்தியது 'மக்குல்' என்ற நுண்ணிய வெள்ளை மண். சுவரைச் சமப்படுத்தி, மக்குலை மெல்லியதாகப் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகே தூரிகையை எடுத்தார்கள். நிறத்தை ஒட்டவைத்தது விளாம் பிசின். கறுப்புக்கு விளக்குக் கரி, மஞ்சளுக்குக் கொக்கட்டு மரத்தின் பிசின். சிவப்புக்குச் சாதிலிங்கம், சிங்கள ஓவியர்களும் அதை ஏறக்குறைய இதே பெயரால்தான் அழைத்தார்கள்.

இத்தாலியச் சுவரோவியர்கள் ஈரச் சுண்ணாம்பின்மேல் நிறத்தைத் தீட்டி, சுண்ணாம்பு இறுகும்போது நிறமும் அதனோடு இறுகிக்கொள்ளும்படி செய்தார்கள். கண்டி முறை உலர்ந்த பூச்சின்மேல் தீட்டுவது. அடிப்பூச்சு பெயர்ந்தால் ஓவியமும் அதோடு போய்விடும். ஆகவே அடிவேலையில் அவசரத்துக்கு இடமே இருக்கவில்லை.

சிகிரியா ஓவியங்களிலும் அடிவேலையில் இதே கவனம்தான். உமியும் நாரும் கலந்த களிமண் அடியில், மேலே சுண்ணாம்புப் பூச்சு. முரடானது கீழே, நுண்ணியது மேலே. இன்றைய மேசன் பாஸ்மாரும் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

இப்போது கண்டியிலும் புறநகர்களிலும் எழும் வீடுகளில், வரவேற்பறையின் ஒரு சுவரையாவது வெறும் பெயின்டோடு விட மனம் வருவதில்லை. சீப்புக் கோடு, பஞ்சுத் தடம், பளிங்குபோல மினுங்கும் பூச்சு என்று பல விதம். ஆனால் கண்டி மழையூர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு, ஒக்டோபர், நவம்பரில் விடாத ஈரம். சீமெந்துப் பூச்சு உள்ளே நனைந்திருக்கும்போது அதன்மேல் காற்றுப் புகாத பெயின்டைப் பூசினால், வெளியேற வழி தேடும் ஈரம் பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளும். செங்கல்லிலும் மணலிலும் உள்ள உப்பு வெண்பொடியாகப் பூக்கும். குற்றத்தைப் பெயின்ட் வாளியின்மேல் போடுவது பெரும்பாலும் அநியாயம்.

சுண்ணாம்பு இந்த ஊருக்கு ஏன் பொருந்துகிறது என்பதை அதன் பிறப்பே காட்டுகிறது. சுண்ணக்கல்லைச் சுமார் 900 பாகை செல்சியஸில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறுகிறது. நீறிய சுண்ணாம்பு சுவரில் ஏறியதும் அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. அப்படி இறுகிய பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் நீராவி போய்வரும். கண்டி, மாத்தளைப் பகுதிகளில் பளிங்குச் சுண்ணக்கல் உண்டு; மாத்தளைப் பக்கத்துச் சூளைகள் பழக்கமான காட்சி. 1344இல் எழுந்த லங்காதிலக விகாரை இன்றும் வெண்பூச்சோடு பாறைமேல் நிற்கிறது. செட்டிநாட்டில் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கரு சேர்த்துச் சுவரைக் கண்ணாடியாக்கினார்கள். மொரோக்கோவின் மராகேஷில் ஒலிவ எண்ணெய்ச் சவர்க்காரமும் உருண்டைக் கல்லும் அதே வேலையைச் செய்கின்றன.

மினுங்கும் சுண்ணாம்புப் பூச்சில் கைவேலைதான் எல்லாம். ஒவ்வொரு தரமும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தடிப்புக் கூடாது. முதல் பூச்சு இறுகியபின் இரண்டாவது. கடைசிப் பூச்சு முழுதாகக் காய்வதற்கு முன்னே உருக்குக் கரண்டியைச் சற்றுச் சாய்த்து அழுத்தித் தேய்க்க வேண்டும். துருப்பிடித்த கரண்டி கறை போட்டுவிடும். பாதிச் சுவரில் தேநீருக்கு நிறுத்தினால், நிறுத்திய இடம் தழும்பாகத் தெரியும். அதனால் மூலையிலிருந்து மூலைவரை இருவர் சேர்ந்து ஒரே மூச்சில் முடிப்பார்கள். காவி போன்ற மண் நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும்.

அலங்காரம் என்றால் எல்லாச் சுவரையும் மூட வேண்டும் என்பதில்லை. கண்டியில் 1918இல் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நகரில் கட்டிய கருணாரத்ன இல்லத்தில் தும்பர நெசவையும் அரக்கு வேலையையும் சுடுமண்ணையும் வீட்டுக்குள் கொண்டுவந்தார். அதன் சுவரொன்றில் ஜோர்ஜ் கீற் ஓவியம் தீட்டினார், அவரும் கண்டிக்காரர். உள்ளூர்க் கைகளை நம்பிய அந்தத் தெரிவு, கடையில் வாங்கும் எந்த அச்சுத் தகட்டையும் விட மேலானது.

புதிய சீமெந்துப் பூச்சை ஒரு கிழமையாவது நனைத்து, பிறகு ஏறத்தாழ 28 நாள் காயவிட்டே மேற்பூச்சைத் தொட வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் போதாது. ஓரடிச் சதுர பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் நாடாவால் சுவரில் ஒட்டி, ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம். காலையில் அதன் உட்புறம் முத்துமுத்தாக வியர்த்திருந்தால், கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு ஜனவரி வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.