ஓமத்தண்ணீரும் 14 மாத்திரையும்

நெஞ்சு அடைக்கிறது என்றால், அன்று பென்னாகரம் பக்கத்து வீடுகளில் ஓமத்தண்ணீர் கொதிக்கும். கடையிலிருந்து சோடா வரும். ஏப்பம் விட்டால் வாயு என்று திண்ணையில் படுக்க வைப்பார்கள். விடாவிட்டால்தான் வண்டி தேடுவார்கள். தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலம் போக வேண்டும். தர்மபுரிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும், தமிழ்நாட்டுக்கு 108 வண்டியும் வந்தது 2008இல்தான்.

மாரடைப்பில் பெரும்பாலும் வினை ரத்தம் உறைவதுதான். அந்த உறைவை ஆஸ்பத்திரியில் அன்று அளந்த விதமே அழகு. மயிரிழைக் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, அரை நிமிடத்துக்கு ஒரு துண்டாக ஒடிப்பார்கள். ஒடிந்த முனைகளுக்கு நடுவே நூல் இழுத்தால் உறைந்துவிட்டது என்று கணக்கு. கத்தி வைத்தால் ரத்தம் நிற்குமா என்று பார்க்கத்தான் அது. மாரடைப்பு வருமா என்று அந்த நூலைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நூல்தான் ஃபைப்ரின். அதன் மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் ரத்தத்தில் கூடியவர்களுக்கு மாரடைப்பும் கூடுதல் என்று லண்டன் நார்த்விக் பார்க் ஆய்வு 1986இல் சொன்னது. பீடி குடித்தாலும் அது ஏறும், உடம்பில் அழற்சி இருந்தாலும் ஏறும். பின்னால் வந்த மரபணு ஆய்வுகளோ, மாரடைப்புக்கு அதுவே காரணம் என்று காட்டவில்லை. ஈசல் பறந்தால் மழை வரலாம். மழையைக் கொண்டுவருவது ஈசல் அல்ல.

கொரோனாவுக்குப் பிறகு டி-டைமர் என்ற பெயர் ஊர்ப்பக்கம் வரை வந்துவிட்டது. உறைந்த ஃபைப்ரின் கரையும்போது உதிரும் துணுக்கு அது. காய்ச்சலிலும் கர்ப்பத்திலும் முதுமையிலும்கூடக் கூடும். கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி இல்லை என்று உறுதிசெய்ய உதவும். நெஞ்சுவலிக்கு முதலில் வேண்டியது ஈசிஜி, பிறகு ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை. டி-டைமர் எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெடுபவர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை.

எனக்குப் பெரிய மாற்றமாகப் படுவது வேறு. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 நோயாளிகளிடம் நடந்து 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், வெறும் ஆஸ்பிரின் ஐந்து வாரத்து இதய, ரத்தநாளச் சாவுகளில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றைக் குறைத்தது. அந்தக் காசுபெறாத மாத்திரை கிராமத்தில் மாரடைப்புக்கு முதலுதவியாகத் திட்டம் போட்டு வர இன்னும் 35 ஆண்டு ஆனது. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் 14 மாத்திரை தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. விழுங்க வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வீட்டில் தானாகப் போட்டுக்கொள்ளும் மருந்தல்ல. வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிபவருக்கு அதுவே வினை.

தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையிலிருந்து இறங்கிவர இன்னும் நேரம் பிடிக்கிறது. அதற்கு முன்பே அரை மணி நேரம் ஓமத்தண்ணீருக்குப் போய்விடுகிறது.