கூடி இசைத்தலின் இன்பம்

இசையால் மகிழ்வோர் இருவகையினர். கேட்டு மகிழ்வோர் ஒருவகையினர். இசைத்து மகிழ்வோர் மற்றொரு வகையினர். வானொலியும் இசைத்தட்டும் பரவியபின் முன்னவர் தொகை பெருகிற்று. பின்னவர் தொகை அருகிற்று. இசைப்போரே கேட்போராகவும் அமையும் மரபொன்று அயர்லாந்து நாட்டில் இன்றும் உயிர்ப்புடன் விளங்குகின்றது. 'செஷன்' என வழங்கும் அக்கூட்டிசையின் இயல்பை ஈண்டு நோக்குவாம்.

கூட்டிசை நிகழுமிடம் பெரும்பாலும் ஊர் மதுச்சாலையின் ஒரு மூலையாகும். ஆங்கு மேடையில்லை, நுழைவுச்சீட்டில்லை, நிகழ்ச்சி நிரலுமில்லை. பிடில், குழல், முழங்கையால் துருத்தியை அமுக்கி ஒலிப்பிக்கும் பைக்குழல், ஆட்டுத்தோல் போர்த்த 'பௌரான்' என்னும் ஒருமுகப் பறை முதலியவற்றுடன் வந்தோர் ஒருவரையொருவர் நோக்கி வட்டமாய் அமர்வர். ஒருவர் மெட்டொன்றைத் தொடங்குவார். அதனை அறிந்தோர் உடன் சேர்வர்; அறியாதோர் செவிசாய்த்திருப்பர். அறியாத மெட்டைத் தட்டித் தடவி வாசித்துக் குழப்புதல் முறையன்று. புதியவர் ஒரு மெட்டே அறிந்திருப்பினும், அது வரும்போது அவரும் அவ்வட்டத்தில் ஒருவராவர்.

மெட்டுக்களுள் பெருவழக்கானவை ரீல், ஜிக் என்பன. ரீல் நம் சதுஸ்ர நடையையும், ஜிக் திஸ்ர நடையையும் ஒத்தவை. எட்டுத் தாளவட்டங்கொண்ட கூறுகள் இரண்டு ஒரு மெட்டாகும். ஒவ்வொரு கூறும் இருமுறை வர, மெட்டு 32 வட்டங்களில் நிறைவுறும். அதனை இரண்டு மூன்று முறை இசைத்தபின், இடைவிடாது வேறொரு மெட்டுக்குத் தாவுவர். அதற்குக் கண்ணசைவொன்றே குறிப்பாதலும் உண்டு. அனைவரும் ஒரே மெட்டை இசைப்பினும், நுண்ணிய அணிகளை அவரவர் தத்தம் மனப்போக்கில் அமைப்பர். தன் ஒலி யாது, அயலார் ஒலி யாது எனப் பிரித்தறிய வியலாத நிலையொன்று சிறிதுபோது வாய்க்கும். அதுவே இவ்வின்பத்தின் உயிர்நிலை எனலாம்.

மெட்டுக்கள் பழையனவாயினும், இவ்வாறு கூடும் முறை புதியதே. முன்னாளில் நாட்டுப்புற வீடுகளில் ஆடுவோர்க்காகவே இசைத்தனர். 1935 ஆம் ஆண்டுச் சட்டம் உரிமமின்றிப் பொதுநடனம் நடத்துதலைத் தடுத்தபோது, வீட்டு நடனங்களும் நலிந்தன. ஆட்டம் ஒழிந்தால் இசையும் ஒழியுமன்றோ எனக் கருதத்தகும். ஆயின், இரண்டாம் உலகப்போரின் பின் தொழில்தேடி இலண்டன் சென்ற ஐரிஷ் மக்கள், கம்டன் ரவுன் முதலிய பகுதிகளின் மதுச்சாலைகளிற் கூடி இசைத்தனர். பகல் முழுதும் கட்டடவேலையில் உழைத்தோர்க்கு இரவில் அவ்வட்டமே ஊராயிற்று. தாயகத்திலும் 1951 இல் முல்லிங்கர் நகரில் இசைஞர் சங்கமொன்று தோன்றி, ஆண்டுதோறும் இசைவிழா நடத்தலாயிற்று. வெவ்வேறு ஊர்களின் இசைஞர் ஒருவரையொருவர் அறிய அது வழிவகுத்தது.

கடல்கடந்தோர் இம்மரபைப் பேணியது அதுவே முதன்முறையன்று. சிக்காக்கோ நகரின் பொலிஸ் அதிபராயிருந்த பிரான்சிஸ் ஓநீல் என்பார் 1903 இல் 1,850 மெட்டுக்களைத் தொகுத்து வெளியிட்டார். அவர் இசைக்குறியீடு எழுத அறியாதவர். நண்பரொருவர் கேட்டெழுதி உதவினார். அத்தொகைநூலும் கூட்டுமுயற்சியின் விளைவே.

பரீட்சைக்கும் அரங்கேற்றத்துக்குமாகவே இசை பயில்வோர் நம்மிடையே பலர். சான்றிதழ் கைக்கு வந்ததும் வயலின் உறைக்குள் உறங்கிவிடுகின்றது. பிறர் மெச்சுவதற்காகப் பயின்றது பிறர் இல்லாதவிடத்து நில்லாது. கற்றது ஒரு கீர்த்தனையேயாயினும், நண்பர் நால்வர் மாலையில் வட்டமாயமர்ந்து, பரிசு கருதாது இசைத்துப் பார்ப்பாராக. அயர்லாந்து மக்கள் தம் இசையை இழவாது காத்த வழி இதுவே.