ஒயின் தீரப்போகுதா? 2,000 வருஷப் பயம்... அதை நிஜமாக்கிக் காட்டிய ஒரு குட்டிப் பூச்சி!

2013 அக்டோபரில் உலகம் முழுக்க ஒரு செய்தி பரபரத்தது. 'உலகத்தில் ஒயின் தட்டுப்பாடு வரப்போகிறது' என்பதுதான் அது. கிளப்பிவிட்டது மார்கன் ஸ்டான்லி வங்கியின் ஆய்வறிக்கை. அதற்கு முந்தைய ஆண்டில் தேவையைவிட 30 கோடி பெட்டி ஒயின் குறைவாக உற்பத்தியானது என்று அதில் இருந்தது. ஒரு பெட்டிக்கு 12 பாட்டில். நீங்களே பெருக்கிப் பார்த்துக்கோங்க.

அந்த ஆண்டு அறுவடை நன்றாகவே இருந்ததால் பீதி சில வாரங்களில் அடங்கியது. ஆனால் 'ஒயின் தீர்ந்துவிடும்' என்ற பயம் புதுசு இல்லை. ரோமாபுரி காலத்திலேயே இருக்கிறது. (நம்ம ஊர் 'ஒயின் ஷாப்' வேற கதை. அங்கே மிகக் குறைவாக விற்பதே ஒயின்தான்!)

எரிமலை வெடித்தது... விலை ஏறியது

கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்து பாம்பேய் நகரம் சாம்பலில் புதைந்தது நமக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத விஷயம், அந்தப் பகுதி ரோமுக்கு ஒயின் அனுப்பிய முக்கிய மையங்களில் ஒன்று என்பது. நகரத்தோடு திராட்சைத் தோட்டங்களும் போய்விட்டன.

அதன்பிறகு தானியம் விளைந்த நிலத்திலும் ஆளாளுக்குத் திராட்சைக் கொடி நட்டார்கள். விளைவு? 13 ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். ஒயின் ஏராளம், சோற்றுக்குத் தானியம் இல்லை. கி.பி. 92-ல் பேரரசர் டொமிஷியன், 'இத்தாலியில் இனி புதிய திராட்சைத் தோட்டம் கூடாது, மாகாணங்களில் இருப்பதில் பாதியைப் பிடுங்குங்கள்' என்று உத்தரவு போட்டார். யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அவரும் அதை வற்புறுத்தவில்லை என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார்.

ஒயினை ரசிப்பதில் பந்தா காட்டுவதும் ரோமர்கள் காலத்திலேயே உண்டு. கி.மு. 121-ல் விளைந்த திராட்சையில் செய்த 'ஒபிமியன்' ஒயினுக்குத்தான் அங்கே ஏகப்பட்ட மவுசு. கிட்டத்தட்ட 200 ஆண்டுகள் கழித்தும் அது மிச்சம் இருந்தது, ஆனால் கசப்பான தேன் மாதிரி இறுகிப்போய்விட்டது என்கிறார் பிளினி. அதாவது குடிக்கவே முடியாத ஒயினுக்குத்தான் அவ்வளவு மரியாதை! (இந்த பிளினி இறந்ததும் அதே வெசுவியஸ் வெடிப்பில்தான்.)

ரோமானிய ஒயின் நம்ம கடற்கரைக்கும் வந்தது. புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, ஒயின் கொண்டுவரும் ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. புறநானூற்றின் 56-வது பாட்டில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த 'தேறல்' பற்றிப் பாடுகிறார். காலேஜில் பத்து மார்க் கேள்விக்காகப் படித்த பாட்டு, இப்போது செய்தி எழுத உதவுகிறது.

நிஜமான தட்டுப்பாடு வந்தது எப்போது?

1860-களில், பிரான்ஸில். தெற்கே ரோன் ஆற்றுப் பகுதியில் 1863 வாக்கில் திராட்சைக் கொடிகள் காரணமே தெரியாமல் காய்ந்து சாக ஆரம்பித்தன. செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும், பூச்சி எதுவும் இருக்காது. விவசாயிகள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

1868-ல் தாவரவியலாளர் பிளான்ஷோனும் அவரது குழுவும் வேறு மாதிரி யோசித்தார்கள். செத்த கொடியை விட்டுவிட்டு, பக்கத்தில் நன்றாக நின்ற கொடியைப் பிடுங்கினார்கள். வேர் முழுக்க மஞ்சள் நிறத்தில் பொடிப் பொடியாகப் பூச்சிகள்! சாறு தீர்ந்ததும் செத்த கொடியை விட்டு அடுத்த கொடிக்குப் போய்விடுவதுதான் அதன் வேலை. அசுவினிக்கு உறவுக்காரனான அதன் பெயர் பைலோக்சிரா.

எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. ஆசைக்காக இறக்குமதி செய்த திராட்சைச் செடிகளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பாய்மரக் கப்பல் காலத்தில் நீண்ட பயணத்தில் பூச்சி செத்துவிடும். நீராவிக் கப்பல் வேகமாக வந்ததால் உயிரோடு இறங்கிவிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

1875-ல் சுமார் 845 கோடி லிட்டர் ஒயின் தயாரித்த நாடு, 1889-ல் தயாரித்தது சுமார் 234 கோடி லிட்டர்தான். கொடியை நம்பி இருந்த குடும்பங்கள் ஊரைக் காலி செய்துவிட்டு அல்ஜீரியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் கிளம்பின.

தேரையும் 3 லட்சம் பிராங்கும்

மருந்து கண்டுபிடிப்பவருக்கு பிரான்ஸ் அரசு அறிவித்த பரிசு, 1874-ல் 3 லட்சம் பிராங்க் ஆனது. அவ்வளவுதான், ஆளாளுக்கு விஞ்ஞானி ஆகிவிட்டார்கள். கொடியின் அடியில் உயிரோடு தேரையைப் புதைத்தால் விஷத்தை அது உறிஞ்சிவிடும் என்றுகூட நம்பினார்கள். பாவம் தேரை! கார்பன் டைசல்பைடு என்ற ரசாயனத்தை மண்ணில் செலுத்தினால் ஓரளவு கேட்டது. ஆனால் செலவு அதிகம், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. தோட்டத்தையே வாரக்கணக்கில் தண்ணீரில் மூழ்கடித்தாலும் பூச்சி சாகும். மலைச்சரிவில் அதற்கு வழியில்லை.

கடைசியில் வழி பிறந்ததும் வினை வந்த இடத்திலிருந்தேதான். அமெரிக்கத் திராட்சையின் வேர் இந்தப் பூச்சியைத் தாங்கிக்கொள்ளும். அந்த வேர்ச்செடியின் மேல் பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டுக்கட்டினால்? நம்ம ஊர் ஒட்டு மாங்கன்று டெக்னிக்தான். வேர் அமெரிக்கா, பழம் பிரான்ஸ். 'நம்ம ஒயினில் அமெரிக்க வாடை வந்துவிடும்' என்று ஒரு கூட்டம் பிடிவாதமாக எதிர்த்தது. பிறகு வேறு வழியில்லாமல் இறங்கி வந்தது. இன்றைக்கும் உலகின் பெரும்பாலான ஒயின் கொடிகள் இப்படி ஒட்டுக்கட்டியவைதான்.

அந்த 3 லட்சம் பிராங்க்? ஒட்டுமுறையை முன்வைத்த லியோ லாலிமான் கேட்டுப் பார்த்தார். 'நீங்கள் நோயைக் குணப்படுத்தவில்லை, வராமல் தடுத்தீர்கள்' என்று அரசு கையை விரித்துவிட்டது. டெண்டர் விதிமுறை மாதிரி ஒரு பதில்!

தட்டுப்பாட்டில் யார் யாருக்கு லாபம்?

பிரெஞ்சு வியாபாரிகள் எல்லை தாண்டி ஸ்பெயினின் ரியோஹாவுக்கு ஓட, அந்தப் பகுதி வளர்ந்தது. பிரான்ஸில் அப்சிந்த் என்ற மதுவும், பிரிட்டனில் பிராந்தி கிடைக்காத இடத்தில் விஸ்கியும் புகுந்தன. கலப்படமும் செழித்தது. உலர் திராட்சையை ஊறவைத்து 'ஒயின்' என்று விற்றார்கள். அதனால்தான் 1889-ல் 'புதிய திராட்சையைப் புளிக்க வைத்துச் செய்ததே ஒயின்' என்று சட்டத்திலேயே எழுதவேண்டி வந்தது.

கொடிகள் மீண்டும் தழைத்தபோது வேறு சிக்கல். விளைச்சல் கூடியது, அல்ஜீரிய ஒயினும் வந்து குவிந்தது, சர்க்கரைத் தண்ணீர் கலந்த போலியும் சேர்ந்தது. விலை அதலபாதாளம். 1907-ல் தெற்கு பிரான்ஸ் விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். நார்போன் நகரில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. அடக்க வேண்டிய 17-வது காலாட்படையின் வீரர்களில் பலர் அந்த விவசாயிகளின் பிள்ளைகள்தான். அவர்களே கலகம் செய்தார்கள். கலப்படத்துக்கு எதிரான சட்டம் அதன்பிறகு கடுமையானது.

தொலைந்துபோய்க் கிடைத்த திராட்சை

பூச்சி வந்தபிறகு போர்டோவில் கார்மனேர் என்ற ரகம் கிட்டத்தட்ட காணாமலே போனது. 1994-ல் சிலி நாட்டுக்குப் போன பிரெஞ்சு நிபுணர் ஜான்-மிஷேல் பூர்சிகோ, 'மெர்லோ' என்று சொல்லப்பட்ட கொடிகளைப் பார்த்து, 'இது மெர்லோ இல்லை, கார்மனேர்' என்றார். பூச்சி வருவதற்கு முன்பே சிலிக்குக் கப்பலேறிய கொடி, வேறு பெயரில் நூறு வருஷத்துக்கு மேல் நிம்மதியாக வாழ்ந்திருக்கிறது. பாலைவனமும் மலையும் கடலும் சூழ்ந்த சிலிக்குள் பைலோக்சிரா நுழையவில்லை.

இப்போ நிலைமை என்ன?

சர்வதேச திராட்சை மற்றும் ஒயின் அமைப்பின் கணக்குப்படி, 2023-ல் உலக ஒயின் உற்பத்தி, 1961-க்குப் பிறகு அதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்தது. வறட்சி, உறைபனி, பெருமழை என ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு காரணம். அப்போ விலை எகிறியிருக்குமே என்று நினைக்கிறீங்களா? அதே 2023-ல்தான், வாங்க ஆளில்லாமல் தேங்கிய ஒயினை அழிக்க பிரான்ஸ் அரசு 20 கோடி யூரோ ஒதுக்கியது. அதிலிருந்து பிரித்தெடுத்த ஆல்கஹால் வாசனைத் திரவியத்துக்கும் சானிடைசருக்கும் போனது. போர்டோவில் அரசு மானியத்தோடு கொடிகளைப் பிடுங்கும் திட்டமும் வந்தது. டொமிஷியன் உத்தரவை ரோமில் கேட்காமல் விட்டார்கள், போர்டோவில் விவசாயிகளே விண்ணப்பம் போட்டார்கள்.