கையில் எஞ்சியவை: ஊர் வரலாற்றைக் காட்சிப்படுத்தல்

நூதனசாலை என்றதும் வாளும் நாணயமும் கல்வெட்டும்தான் நமக்கு ஞாபகம் வரும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிடம் அப்படி எதுவும் இல்லை. ஏறக்குறைய 75,000 பேர் ஊரை இழந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். நகையும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. இப்படிப்பட்ட ஒரு சமூகம் தன் ஊர் வரலாற்றை எதை வைத்துக் காட்டுவது? புத்தளத்தில் சிறு கண்காட்சியொன்றுக்குப் பொருள் திரட்டியபோது நாங்கள் கைக்கொண்ட முறைகளை இங்கு தருகிறேன்.

முதலாவது, கேட்கும் விதம். "பழைய சாமான் இருக்கா?" என்றால் "ஒண்டும் இல்ல மகன்" என்றுதான் பதில் வரும். "வரக்குள்ள கையில என்ன இருந்திச்சு?" என்று கேட்டால் அலுமாரி திறபடும். ஒரு உம்மா திறப்பொன்றை எடுத்து வந்தா. "கதவே இல்லாத வீட்டுக்குத் திறப்பு! வந்திடுவம் எண்டுதானே பூட்டிட்டு வந்தன்" என்றா.

இரண்டாவது, பதிவு. பொருள் கைக்கு வந்த அன்றே இலக்கம், தந்தவர், ஊர், வந்த வழி, அன்பளிப்பா இரவலா என்பவற்றைக் கொப்பியில் எழுத வேண்டும். ஒப்பமிட்ட பிரதியொன்று உரியவரிடம் இருக்க வேண்டும். கதையை அவர் குரலிலேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். கதையைப் பிரிந்த திறப்பு வெறும் இரும்பு.

மூன்றாவது, பாதுகாப்பு. உறுதி, பங்கீட்டு அட்டை போன்றவற்றை லெமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க இயலாது. தாளுக்கும் துணிக்கும் 50 லக்ஸ் அளவான மங்கல் வெளிச்சமே போதும். பித்தளையைப் புளி போட்டு மினுக்க வேண்டாம். அந்தத் தேய்மானம் பாவித்த கையின் அடையாளம். காணி உறுதியின் மூலப்பிரதி உரியவரிடமே இருக்கட்டும். காணிப் பிணக்குகள் இன்னும் தீராத நிலையில், இலக்கத்தையும் எல்லைகளையும் மறைத்த நகலை வைப்பதே பாதுகாப்பு.

நான்காவது, விளக்க அட்டை. "பழைய திறப்பு, இரும்பு" என்று எழுதினால் பார்ப்பவர் கடந்து போய்விடுவார். "சோனகதெரு வீடொன்றின் திறப்பு. 1990 ஒக்டோபர் 30இல் பூட்டிவிட்டு வந்தவர், திரும்பிப் போனபோது கதவு இருக்கவில்லை" என்று எழுதினால் நிற்பார்.

கடைசியாக, எதைச் சேர்ப்பது என்ற பிரச்சினை. அயலிலிருந்த தமிழ்க் குடும்பமொன்று பல வருடம் பத்திரப்படுத்தித் திருப்பிக் கொடுத்த கலியாணப் படங்களும் எங்களுக்குக் கிடைத்தன. "இத வச்சா நடந்த அநியாயம் சின்னதாப் போயிடாதா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான பயம்தான். ஆனால், வெளியேற்றியவர் யாரென்பதை முதல் பலகையிலேயே தெளிவாக எழுதிவிட்ட பிறகு, காத்து வைத்தவரை மறைப்பதற்குக் காரணமில்லை. இரண்டும் நடந்தவை. அந்தப் படங்களுக்குப் பக்கத்துத் தட்டை வெறுமையாக விட்டோம். கொண்டுவர முடியாமற் போனவற்றின் பெயர்களை அதில் சிறு துண்டுகளில் எழுதி வைக்கச் சொன்னோம். தையல் மெசின், சைக்கிள், கிதாபுகள், வாப்பாவின் மையவாடி என்று அது நிறைந்தது.

அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. மூத்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள். கட்டடமும் கண்ணாடிப் பெட்டியும் பிறகு வரட்டும். கொப்பியையும் பென்சிலையும் இப்போதே எடுங்கள்.