நாயின் பழைய ரணசிகிச்சைத் தழும்பில் தோன்றும் தோல் மாறுதல்கள்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் தோட்டக் காவலுக்கும் ஆட்டுக்கிடைக் காவலுக்கும் நாய் வளர்க்கும் குடியானவர் பலர். இராஜபாளையத்து வெள்ளை நாயும், கன்னி, சிப்பிப்பாறை இனங்களும் இப்பக்கத்தில் பேர்போனவை. இவற்றிற்குக் கட்டி அறுத்தோ, கருத்தடை செய்தோ, கிழிந்த தோலைத் தைத்தோ சில ஆண்டுகள் சென்றபின், அத்தழும்பைச் சுற்றித் தோல் கறுப்பதும், தடிப்பதும், ரோமம் உதிர்வதும் உண்டு. இதனைச் சொறியென்று கொண்டு எண்ணெயைத் தடவிவிட்டு வாளாவிருப்போர் அநேகர்.

தழும்பில் ரோமக்கால்கள் இல்லை. எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லை. ஆகவே அது வழுவழுப்பாகவும் வறண்டும் இருப்பது இயல்பே. நாய் ஓயாமல் நக்கினாலும், முன்பு அழற்சி கண்டிருந்தாலும், சுற்றியுள்ள தோல் கறுத்துவிடும். தோல் மிருதுவாகவும் உலர்ந்தும் இருந்து, கறுப்பு மேலும் பரவாதிருப்பின், அதற்காகப் பெரிதும் அஞ்ச வேண்டுவதில்லை.

தழும்பின் ஓரத்தில் சிறு துவாரம் தோன்றி நீர் கசிவது வேறு விஷயம். உள்ளே தைத்த நூல்களில் சில உடலிற் கரைந்துவிடும். பட்டு நூல் போன்றவை கரையாமல் தங்கி, ஆண்டுகள் கழித்தும் சீழ் பிடிக்கக்கூடும். மருந்து கொடுத்தால் துவாரம் மூடிக்கொள்ளும். நிறுத்தினால் மீண்டும் திறக்கும். அந்நூலை எடுத்தாலன்றி இது தீராது. ஈரப்புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடுமாதலால் தாமதம் கூடாது.

எல்லாவற்றினும் கொடியது புற்று. இராஜபாளையம் நாயின் வெள்ளை ரோமத்தின் கீழுள்ள தோல் இளஞ்சிவப்பானது. வெயிலைத் தடுக்கும் கருநிறம் அதிற் குறைவு. அடிவயிற்றிலோ ரோமமே சொற்பம். மல்லாந்து வெயில் காயும் வழக்கமுள்ள வெள்ளை நாய்க்கு அங்கே செதிள் கட்டி, சிவந்து, ஆறாப் புண்ணாகிப் புற்றாக மாறுதல் உண்டு. முன்பு கட்டி அறுத்த இடமாயின் அதே கட்டி மீண்டும் முளைக்கலாம். பெட்டை நாய்க்குக் கருத்தடைத் தழும்பின் அருகே தட்டுப்படும் கட்டி மடிக்கட்டியாகவும் இருக்கலாம்.

சங்கரநாராயணர் கோயிற் புற்றுமண்ணைத் தோல் நோய்க்குப் பூசும் வழக்கம் இவ்வூரில் நெடுங்காலமாக உள்ளது. அப்பக்தியைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும் திறந்த புண்ணில் எந்த மண்ணையும் அப்பலாகாது. மண்ணில் இசிவுநோய்க் கிருமி இருக்கலாம். இயந்திரத்தினின்று வடித்த கழிவெண்ணெயும் பினாயிலும் அதனினும் கேடு. நாய் அவற்றை நக்கி விழுங்கிவிடும்.

நாயின் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மாதமொருமுறை தழும்பை விரலால் தடவிப் பார்க்கவும். கட்டி பெருத்தாலும், இரத்தம் கசிந்தாலும், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிடினும் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுபோதல் வேண்டும். அரிப்பு மிகுந்து வீட்டாருக்கும் சொறி கண்டால், அது தொற்றும் சிரங்காகலாம். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வித்த ஊராட்சிகளில், தழும்பு சீழ்பிடித்த நாய் திரிவதைக் கண்டால் கிராம அதிகாரிகள் மருத்துவருக்குத் தெரிவித்தல் கடமையாகும்.

அறுத்தெடுத்த கட்டியை எறிந்துவிடுவது பலரிடமுள்ள வழக்கம். அதனைப் பார்மலின் திராவகத்திலிட்டுப் பரிசோதனைக்கு அனுப்புமாறு மருத்துவரைக் கேட்டுக்கொள்க. திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் அரசினர் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே செல்வோர், முன்பு எந்நாளில் எதற்காக அறுத்தது என்ற சீட்டையும் உடன் கொண்டுசெல்க.