தாயின் கையில் பட்டது சேயின் குருதியில்

வெங்காயத் தோட்டங்களுக்கு அருகே, இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் ஒரு குடியிருப்பில் ஐந்து மாதக் கர்ப்பிணித் தாய் ஒருவரோடு உரையாடினோம். சொந்தக் காணியை விட்டு வந்தபின் அவருடைய கணவர் பிறர் தோட்டத்தில் நாட்கூலிக்கு மருந்து அடிக்கிறார்.

"எனக்கு என்ன வரப்போகுது? நான் மருந்து அடிக்கப் போறதில்லை. அவரின்ரை உடுப்பைத் தோய்க்கிறது மட்டும்தான்" என்றார் அந்தத் தாய். அருகே ஒரே பேசினில் கணவரின் சாரமும் மூத்த பிள்ளையின் சட்டையும் ஒன்றாக ஊறிக்கொண்டிருந்தன.

மருந்துத் தாங்கியைத் தோளில் சுமப்பவருக்கு மட்டுமே ஆபத்து என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று.

நஞ்சை முறிக்கும் சக்தி

உண்ட உணவைச் சக்தியாக்குவதும், வேண்டாதவற்றை முறித்து வெளியேற்றுவதும் நமது உடலில் இடையறாது நடைபெறும் வேலைகள். இவற்றையே அனுசேபம் என்பர். பூச்சிமருந்துகளில் ஒரு பெரிய வகை சேதனப் பொசுபரசு மருந்துகளாகும். இவை தோலினூடாகவும் மூச்சினூடாகவும் தாயின் உடலுட் சென்று, நச்சுக்கொடியைக் கடந்து சிசுவையும் அடையும்.

இவற்றுட் சிலவற்றை முறிக்கும் நொதியம் ஒன்று நமது குருதியில் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், விவசாயக் கூலிக் குடும்பங்கள் வாழும் சலினாஸ் பள்ளத்தாக்கில், தாய்மாரினதும் அவர்கள் பெற்ற குழந்தைகளினதும் குருதியைச் சோதித்தனர். 2006இல் வெளியான முடிவின்படி, பிறந்த குழந்தையிடம் இந்நொதியம் சராசரியாகத் தாயிடம் உள்ளதில் கால்பங்கே இருந்தது. தாய் தாங்கும் அளவைச் சேய் தாங்காமற் போவதற்கு இது ஒரு காரணம்.

தாய்க்கும் தீங்கு உண்டு. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 11,000க்கு மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் பயிர்மருந்தைக் கலந்தோ தெளித்தோ வேலை செய்தவர்களிடம், கர்ப்பகால நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. தாயின் குருதியில் சீனி கூடினால் சிசு அளவுக்கு மீறிப் பருக்கும்; பிறந்தவுடன் குழந்தையின் சீனி திடீரெனக் குறையவும் கூடும்.

நிறுத்தினால் பலன் உண்டு

நியூயோர்க் நகரில் தோட்டமே இல்லாத வீடுகளிலும் கரப்பான் பூச்சிக்காகக் குளோர்பைரிபோஸ், டயசினோன் ஆகிய மருந்துகள் அடிக்கப்பட்டன. கொலம்பியா பல்கலைக்கழகத்தார் தொப்புள்கொடிக் குருதியைச் சோதித்தபோது, இம்மருந்துகள் மிகுந்திருந்த குழந்தைகள், குறைந்திருந்தவர்களை விடச் சராசரியாக 186 கிராம் நிறை குறைந்து பிறந்தமை தெரியவந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வீட்டுப் பாவனை படிப்படியாக நிறுத்தப்பட்டது. குருதியில் மருந்தின் அளவு விழுந்தது. பின்னர் பிறந்த குழந்தைகளிடம் அத்தகைய நிறைக் குறைவு காணப்படவில்லை. ஆகவே, இன்று நாம் எடுக்கும் கவனம் வீண்போகாது.

நாம் செய்யக்கூடியவை

1. கர்ப்பிணிகள் மருந்து கலக்கவோ, தெளிக்கவோ, தாங்கியைக் கழுவவோ கூடாது.

2. மருந்து அடித்தவர் வீட்டுக்குள் நுழையுமுன் குளித்து, உடுப்பை மாற்ற வேண்டும். அந்த உடுப்பைக் கிணற்றடிக்கு அப்பால், தனிப் பேசினில் அவரே தோய்ப்பது நல்லது.

3. ஒரே அறைதான் வீடு என்றாலும், மருந்துப் போத்தலை உள்ளே வைக்க வேண்டாம். வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாதவாறு பூட்டி வையுங்கள். வெறும் போத்தலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ ஊற்ற வேண்டாம்.

4. களை பிடுங்கப் போகுமுன், எப்போது மருந்து அடித்தது என்று கேளுங்கள். சுட்டியில் குறித்த காலம் கழியும்வரை இறங்க வேண்டாம்.

5. செய்யும் வேலையை மருத்துவமாதுவிடம் சொல்லி, குருதிச் சீனியைச் சோதித்துக்கொள்ளுங்கள். பயத்தினால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். அதுவே குழந்தைக்குச் சிறந்த உணவு.

6. மருந்து பட்டபின் வாயூறல், மிகு வியர்வை, வாந்தி, மூச்சுத்திணறல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மருந்தின் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள்.

இவையெல்லாம் அந்தத் தாயின் தலையில் மட்டும் சுமத்தக்கூடிய பாரமல்ல. ஒரு நாள் கூலியை இழந்தால் அன்று அடுப்பு எரியாது என்ற நிலையில் இருப்பவர், "நான் இறங்கமாட்டேன்" என்று எப்படிச் சொல்வார்? கர்ப்பிணிக்கு மருந்து அடிக்காத தறையில், அதே கூலிக்கு வேறு வேலை கொடுப்பது தோட்டக்காரரின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது சங்கங்களின் கடமை. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திலும் விவசாயிகள் கூட்டத்திலும் இதனைப் பேசுவோம். காணியை இழந்து நிற்கும் நமக்குப் பிள்ளைகளின் சுகமே எஞ்சியுள்ள முதல். அதையும் கூலிக்கு ஈடு வைக்க வேண்டாம்.