அனலுக்கு ஒரு காவல்

நோன்பு மாதத்திலே, வரிப்பத்தான்சேனை போன்ற வயல் சூழ்ந்த ஊர்களில் முதலிற் குறைவது வீட்டுப் பெண்களின் உறக்கமே. ஸஹர் உணவு வைகறைக்கு முன் உண்ணப்பட வேண்டும்; அதற்கு முன் அது சமைக்கப்பட வேண்டுமல்லவா? விறகடுப்பில், தணலைச் சாம்பலால் மூடி அதன்மேற் சட்டியை வைத்துவிடுவது ஒரு வழி. அனலின் அளவும் வேகும் நேரமும் கைப்பழக்கத்தால் அறியப்படும். இன்று அவ்விரண்டையும் ஒரு சிறு பெட்டியிடம் ஒப்படைக்கலாம்.

மெல்லனலிற் சமைக்கும் மின்சட்டியின் தோற்றமும் ஒரு சமயக் கடமையைச் சார்ந்ததே. ஓய்வுநாளில் தீ மூட்டாத யூதர், முதல்நாள் மாலையிலேயே அவரையும் இறைச்சியும் இட்ட பானையைப் போறணையில் வைத்து இரவெல்லாம் வேகவிடுவர். லித்துவேனியாவின் இவ்வழக்கத்தைத் தம் தாயார் சொல்லக் கேட்ட அமெரிக்கர் இர்விங் நக்சன், 1940ஆம் ஆண்டில் மின்சட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

மலிவான மின்சட்டி வெப்பத்தை அளப்பதில்லை. அக்குறையை நீக்குவதே வீட்டிற் செய்யும் கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை. உருக்கு உறையிட்ட வெப்பமானியின் நுனி உணவினுள் நிற்கும்; நுண்கணினிச் சில்லொன்று அதன் அளவைப் படிக்கும்; ரிலே என்னும் மின்காந்த ஆளி மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் செய்யும். 85 பாகையில் நிறுத்தி, 83க்கு இறங்கியபின் மீண்டும் விடுவதே முறை. இவ்விடைவெளி இல்லையேல் ரிலே ஓயாது துடித்துத் தேய்ந்துபோகும். மேலும், கனத்த பீங்கான் சட்டி மின்சாரம் நின்ற பின்னும் சிறிது நேரம் சூடேறிக்கொண்டே இருக்கும். முதன்முறை செய்பவர் திகைப்பது இங்கேதான்.

நேரத்தைப் பற்றியே பெரும்பாலோர் பிழை செய்கின்றனர். இரவு பத்து மணிக்கு இறைச்சியை இட்டு, ஒரு மணிக்கு அடுப்பு தொடங்குமாறு அமைப்பது தவறு. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்திலேதான் கிருமிகள் பெருகுகின்றன. அம்பாறைக் கரையின் இரவு வெம்மை அவற்றுக்கு நன்கு உகந்தது. உடனே சமைக்கத் தொடங்கி, வெந்தபின் 65 பாகைக்குக் குறையாமற் காத்து நிற்பதே கடிகாரத்தின் பணியாதல் வேண்டும். (சிவப்பு அவரையைச் சட்டியில் இடுமுன் பத்து நிமிடம் கொதிக்க வைத்தல் வேண்டும், மெல்லனல் மட்டும் அதன் நஞ்சைப் போக்காது.)

இனி, மின்வெட்டு. 2022ஆம் ஆண்டில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. நள்ளிரவில் மின்சாரம் போய், கஞ்சி ஆறிக் கிடந்து, மீண்டும் சூடேறினால் ஸஹருக்கு எழுபவருக்கு ஒன்றும் தெரியாது. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சோ மறுகொதிப்பிலும் அழிவதில்லை. ஆகவே சில்லும் வெப்பமானியும் மின்கலத்தில் இயங்க வேண்டும்; சமைத்த உணவு 60 பாகைக்குக் கீழே எவ்வளவு நேரம் கிடந்தது என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

230 வோல்ட் மின்சாரம் ஓடும் பகுதியைத் தேர்ந்த மின்வினைஞரிடமே விடுக. ரிலே ஒட்டிக்கொள்ளக்கூடும், வெப்பமானி சட்டிக்கு வெளியே நழுவி, குளிர்ந்த காற்றை அளந்து, அடுப்பை ஓயாது எரிக்கவும் கூடும். எல்லைமீறிச் சூடேறினால் தானே அறுந்துபோகும் வெப்ப உருகி ஒன்றைச் சட்டியின் அடியில் வைத்தல் இன்றியமையாதது. செலவு மிகச் சிறிது.

பெட்டியின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கும் இருக்கட்டும். உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறிக் கிடந்ததாயின் அது எரியும். எரிந்தால், கஞ்சி எவ்வளவு மணத்தாலும் அதைக் கொட்டிவிட்டு, அன்றைய ஸஹரைப் பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.